கடலுக்கு நேர்ந்துவிட்ட தாடி

என் அக்கா மருதம்மாளைக் கட்டிய நாச்சிமுத்து மச்சானை அவிநாசிபாளையத்தில் தெரியாதவர்கள் கிடையாது. போன சித்திரை வரைக்கும் அவருக்குத் தொப்புளைத் தொடுகிற தாடி இருந்தது, அது ஒரு காரணம். கடலைக் கண்ணால் பார்க்காமலேயே, கடல் இல்லாத ஊரில் உட்கார்ந்துகொண்டு, புயலைப் பற்றிய புத்தகமாகத் தேடித் தேடிப் படிக்கிறார் என்பது இன்னொரு காரணம். இந்தத் தாடியும் அந்தப் புத்தகங்களும் சேர்ந்துகொண்டு எங்கள் குடும்பத்தை என்ன பாடு படுத்தின என்பதைச் சொல்ல என்னை விட்டால் ஆள் இல்லை. நான் குகன். பழைய ஆம்னி வேன் ஒன்று வைத்துக்கொண்டு பனியன் கம்பெனிகளுக்குத் துணி ரோல் ஏற்றி இறக்குகிறேன். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை நான் படித்த ஒரே புத்தகம் அந்த வண்டியின் ஆர்.சி. புத்தகம்தான். அதனால் புத்தகத்தைப் பற்றி ஏதாவது தப்பாகச் சொன்னால் படித்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். மச்சானைப் பற்றித் தப்பாகச் சொல்ல மாட்டேன்.

மச்சான் ஒரு நிட்டிங் கம்பெனியில் மெக்கானிக். வட்டமாகச் சுற்றுகிற மிஷினில் நூல் உள்ளே போய்த் துணியாக இறங்கும். ஊசி உடைந்தால் மாற்றுவது, எண்ணெய் போடுவது, மிஷின் ஓட்டுகிறவர்களைத் திட்டுவது எல்லாம் அவர் வேலை. பல வருசத்துக்கு முன்னால் ஒருநாள், நன்றாக ஓடிக்கொண்டிருந்த மிஷின்களை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். அமெரிக்காவில் ஏதோ ஒரு கடற்கரையில் பெரிய புயல் அடித்துக் கடையெல்லாம் மூடிக் கிடக்கிறது, ஆர்டர் நின்றுவிட்டது என்றார்கள். மச்சான் திறக்காத டிபன் கேரியரோடு வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

“அங்க காத்தடிச்சா இங்க என்ற மிஷின் ஏண்டா நிக்கோணும்?” என்று என்னைக் கேட்டார்.

“மேனேஜரைக் கேளுங்க மச்சான்” என்றேன். அவர் மேனேஜரையும் கேட்டார். மேனேஜர் இருந்த எரிச்சலில், “அந்தக் காத்துகிட்டயே போய்க் கேளுங்க” என்று சொல்லிவிட்டார். வேறு யாராக இருந்தாலும் அதோடு விட்டிருப்பார்கள். எங்கள் மச்சான் அந்த வருசம் திருப்பூர் புத்தகக் கண்காட்சிக்குப் போய், சமையல் குறிப்பும் கோலப் புத்தகமும் வாங்குகிற கூட்டத்துக்குள் புகுந்து, புயலைப் பற்றி ஒரு தடிப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். அடுத்த வருசம் இன்னொன்று. அப்புறம் பழைய புத்தகக் கடை, தபால், தெரிந்தவர் தெரியாதவர் என்று எல்லா வழியிலும் புயல் வீட்டுக்குள் வர ஆரம்பித்தது. வங்காளத்துப் புயல், ஒடிசாப் புயல், நம் டெல்டாவைப் புரட்டிப் போட்ட புயல், பெயர் வாயில் நுழையாத தீவுகளில் அடித்த புயல், எல்லாம் அவர் அலமாரியில் அடுக்காக நின்றன.

சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் வீட்டுக்கு முன்னால் இறக்கியிருக்கிற தகரச் செட்டில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு உட்காருவார். கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் அக்கா உட்கார்ந்து, கம்பெனியிலிருந்து வந்த டீ சர்ட்டுகளில் பிசிறு வெட்டிக்கொண்டிருப்பாள். அவர் சத்தமாகப் படிப்பார். அவள் கேட்டுக்கொண்டே நூலை நறுக்குவாள். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் இரண்டு பேரும் ஒரே புத்தகத்தைத்தான் படித்தார்களா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு.

மச்சானுக்குக் காற்றுதான் முக்கியம். எங்கே கிளம்பியது, எந்தப் பக்கம் திரும்பியது, என்ன வேகம், கடல் எவ்வளவு உயரம் எழும்பியது என்பதெல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். அக்காவுக்கு அதில் ஒரு அட்சரமும் மண்டையில் ஏறாது. அவள் கேட்பதெல்லாம், “ஏனுங்க, அந்தத் தீவுக்காரி புள்ளையச் சேலையால மரத்தோட கட்டி வெச்சாளே, அந்தப் புள்ள பொழைச்சுதுங்களா?” என்றுதான்.

“அது அடுத்த பாடம். அதுல காத்து முடிஞ்சுபோச்சு” என்று சொல்லி மச்சான் நாலைந்து பக்கத்தைச் சேர்த்துப் புரட்டிவிடுவார். புயல் அடித்து ஓய்ந்த பிறகு சனங்கள் என்ன ஆனார்கள் என்று வருகிற பக்கங்களை அவர் படிக்கவே மாட்டார். ஏன் என்று எனக்குத் தெரியும். ஒருமுறை தெரியாத்தனமாக அப்படி ஒரு பக்கத்துக்குள் போய்விட்டுக் குரல் கம்மி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, “பஞ்சுத் தூசி” என்றார். தூசி கம்பெனியில் அல்லவா இருக்கிறது, வீட்டுக்கு எப்படி வந்தது என்று நான் கேட்கவில்லை. அக்கா அந்தப் பக்கங்களை விடுகிற ஆள் இல்லை. சோமனூரில் கட்டிக்கொடுத்த மகள் கலைமகள் ஊருக்கு வரும்போதெல்லாம் உட்காரவைத்து, அப்பா தாண்டிப்போனதை எல்லாம் படிக்கச் சொல்லிக் கேட்டுவிடுவாள். அந்தச் சேலைக்காரியின் பிள்ளை பிழைத்த அன்றைக்கு வீட்டில் பாயசம் வைத்தாள். பாயசம் எதற்கென்று தெரியாமலே மச்சான் இரண்டு டம்ளர் குடித்தார்.

படித்ததைப் படித்ததோடு விட்டாலும் பரவாயில்லை. வீட்டையே புயலுக்குத் தயார் செய்தார். டார்ச், விசில், பிஸ்கட், பிளாஸ்டிக் உறையில் போட்ட தீப்பெட்டி எல்லாம் வைத்து ஒரு பை வாசல் ஆணியில் தொங்கியது. வீட்டுக் கூரையைச் சுவரோடு சேர்த்துக் கட்ட வேண்டும் என்று ஏதோ ஒரு புத்தகம் சொன்னதாம். செட்டின் தகரத்தைப் பிடித்திருந்த பழைய கொக்கியெல்லாம் துருப்பிடித்திருக்கிறது என்று கழற்றி எறிந்துவிட்டுக் கயிற்றால் சுற்றிச் சுற்றிக் கட்டினார். கயிறு என்றால் எங்கள் ஊரில் என்ன கயிறு? பனியன் வெட்டுகிறபோது மிஞ்சுகிற துண்டுத் துணியைத் திரித்த கயிறுதான். மாட்டைக் கட்டினாலும் அதுதான், மூட்டையைக் கட்டினாலும் அதுதான், என் வண்டியின் பின்கதவும் அதில்தான் நிற்கிறது. “இனி பத்தாம் நம்பர் கூண்டே ஏத்துனாலும் இது அசையாது மாப்ளே” என்று கயிற்றைத் தட்டிக் காட்டினார்.

கூண்டு என்றதும் ஞாபகம் வருகிறது. துறைமுகத்தில் ஏற்றுகிற புயல் கூண்டு நம்பரை வைத்துத்தான் அவர் அக்காவின் கோபத்தை அளப்பார். நான் வாசலில் வண்டியை நிறுத்தும்போதே, “மூணாம் நம்பர் ஏத்தியிருக்குது, சூதானமா உள்ள வா” என்பார். பத்து என்றால் ஊரைக் காலி செய்ய வேண்டியது. “அதுக்கும் மேல பதினொண்ணு இருக்குது மாப்ளே. அதை ஏத்துனா அக்கட்ட இருந்து தகவலே வர்றதில்லைன்னு அர்த்தம்” என்று ஒருநாள் விளக்கினார். அதாவது அக்கா பேச்சையே நிறுத்திவிட்டால் அது பதினொன்று. கல்யாணம் ஆன நாளிலிருந்து அதுவரைக்கும் அந்தக் கூண்டு ஏறியதில்லை.

இந்த நிலைமையில்தான் மச்சானுக்கு டெங்கு வந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் முகமே சரியில்லை. அக்கா வராந்தாவில் சுவரோரம் சரிந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்து வீட்டுச் சின்னத்தாய் கஞ்சி எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். அவளுக்குத் தூத்துக்குடிப் பக்கம், பனியன் கம்பெனியில் டெய்லர்.

“எக்கா, அழாதீய. எங்கூரு செந்திலாண்டவருகிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க. கடல்ல முங்க வைக்கேன்னு வேண்டிக்கிடுங்க, கைவிட மாட்டாரு” என்றாள்.

அக்கா யோசிக்கவே இல்லை. வராந்தாவிலேயே கையெடுத்துக் கும்பிட்டு, “அப்பனே, இவுரை எழுப்பி உக்கார வெச்சுரு. இவுரு தலைமுடி, தாடி எல்லாம் உனக்கு. உன்ற கடல்ல வந்து முழுகிட்டுப் போறோம். அதுவரைக்கும் கத்தி படாது” என்று வேண்டிக்கொண்டாள்.

பழனி முருகன் எங்களுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி. நெசவு செய்த எங்கள் பாட்டன் காலத்திலிருந்து தைப்பூசத்துக்குத் தாராபுரம் வழியாக நடந்தே போய் வருகிறோம். அவரை விட்டுவிட்டு, தமிழ்நாட்டின் அந்தக் கோடியில், கடல் வாசலில் நிற்கிற முருகனிடம் போய் இவள் வாக்குக் கொடுத்துவிட்டாள். மச்சான் பிழைத்து எழுந்து உட்கார்ந்ததும் முதலில் டீ கேட்டார். டீயைக் குடித்துக்கொண்டிருக்கும்போது அக்கா விசயத்தைச் சொன்னாள். “கடல்லயா?” என்று கேட்டவருக்கு இறங்கின காய்ச்சல் மறுபடி ஏறின மாதிரி இருந்தது.

“பழனியில குடுத்தா ஆகாதா மருதா?”

“ஒருத்தர்கிட்ட வாங்கிட்டு இன்னொருத்தர்கிட்டக் குடுப்பீங்களாக்கும்?” என்றாள் அக்கா.

அன்றைக்கு வளர ஆரம்பித்த தாடிதான் அது. கம்பெனியில் மிஷினுக்குள் சிக்கிவிடும் என்று பயந்து, தாடியைச் சட்டைக்குள் விட்டுப் பொத்தான் போடச் சொன்னார்கள். வெளியே மிச்சம் இருந்த தாடியில் பஞ்சு படிந்து அவருக்கு ஒரு ரிஷிக் களை வந்துவிட்டது. வடக்கே இருந்து வந்து வேலை செய்கிறவர்கள் ‘பாபா’ என்று கூப்பிட்டுக் காலைத் தொட்டுக் கும்பிட ஆரம்பித்தார்கள். மழை வருமா என்று கேட்பார்கள். மச்சான் ரகசியமாக ஃபோனைப் பார்த்துவிட்டு, ஒரு மரியாதைக்கு வானத்தையும் பார்த்துவிட்டு, வராது என்பார். வந்துவிட்டால் பாபா கோபமாக இருக்கிறார் என்று அவர்களே சமாதானம் சொல்லிக்கொள்வார்கள். ஒடிசாக்காரர் ஒருவர் மட்டும் சிரிப்பார். “என் வீடே கடற்கரையிலதான் பாபா. ரெண்டு தடவை கூரை போயிடுச்சு. வர்ற மாசம் லீவு குடுங்க, ஊருக்குப் போகணும்” என்பார். மச்சான் அந்த மனிதரை ஏதோ அதிசயப் பிராணியைப் பார்ப்பது போலப் பார்ப்பார். கலைமகளின் வளைகாப்பில் சம்பந்தி வீட்டுச் சனம் இவரை யாரோ மடத்துச் சாமியார் என்று நினைத்து வரிசையில் நின்று திருநீறு வாங்கினார்கள். கலைமகள் வெட்கத்தில் சமையல்கட்டை விட்டு வெளியே வரவில்லை.

அக்கா ஒவ்வொரு மாசமும் கேட்பாள். மச்சானிடம் ஒவ்வொரு மாசத்துக்கும் ஒரு பதில் இருக்கும். ஐப்பசி கார்த்திகை புயல் மாசம், பேசவே கூடாது. சித்திரை வைகாசியிலும் வங்கக் கடலில் கிளம்பும். ஆனியிலிருந்து புரட்டாசி வரைக்கும் அந்தப் பக்கம் பேரலை வரும். மார்கழியில் சுனாமி வந்ததே, மறந்துவிட்டாயா? மிச்சம் இருப்பது தை, மாசி, பங்குனி.

“அப்ப தையில போலாமுங்களா?”

“தையில கடல் ரொம்ப அமைதியா இருக்கும் புள்ள. அதான் எனக்குச் சந்தேகமா இருக்குது” என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தத் தாடியை நானே சிரைத்துப் பொட்டலம் கட்டித் திருச்செந்தூருக்குத் தபாலில் அனுப்பியிருப்பேன். கடைசியில் கலைமகள்தான் ஒரு வழி சொன்னாள். குலதெய்வத்திடம் பூக் கேட்டுப் பார்க்கலாம், சம்மதம் கிடைத்தால் பழனியிலேயே முடியைக் கொடுத்துவிடலாம். மச்சான் குதித்துக்கொண்டு கிளம்பினார். கோயிலில் பூசாரி வெள்ளை அரளியை ஒரு இலையிலும் செவ்வரளியை ஒரு இலையிலும் மடித்து, சாமி முன்னால் போட்டுக் குலுக்கினார். வெள்ளை வந்தால் சரி, சிவப்பு வந்தால் ஆகாது. எடுத்தது சிவப்பு.

“மறுக்கா ஒருதரம் கேளுங்க சாமி. மொதத் தடவை அம்மனுக்குச் செரியாக் கேட்டிருக்காது” என்றார் மச்சான். மறுபடி கேட்டார்கள், சிவப்பு. மூன்றாம் தரமும் சிவப்பு. மச்சான் இரண்டு இலையிலுமே சிவப்பா என்று சந்தேகப்பட்டு மற்ற இலையைப் பிரித்துப் பார்த்தார். உள்ளே வெள்ளை அரளி அழகாக இருந்தது. இவரைக் கடலில் தள்ளிப் பார்க்க வேண்டும் என்று எங்கள் அம்மனுக்கே ஆசை வந்துவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன். அக்காவின் முகத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

அன்றைக்கு அவள் பதினோராம் நம்பர் கூண்டை ஏற்றினாள். சோறு போட்டாள், துணி துவைத்தாள், பிசிறு வெட்டினாள், ஒரு வார்த்தை பேசவில்லை. மச்சான் பாவம், புத்தகத்தை எடுத்துப் படித்துப் பார்த்தார். காற்றின் வேகத்தை எல்லாம் ஏற்ற இறக்கத்தோடு படித்தார். கத்தரிக்கோல் சத்தம்தான் பதில். நான் ஒருநாள் சாயங்காலம் போனபோது மனுசன் வாடிப்போய் உட்கார்ந்திருந்தார். எனக்கு டீ கொண்டுவந்த அக்கா அப்படியே நின்றாள். பேச ஆரம்பித்தாள்.

“இத்தனை புஸ்தகம் படிச்சீங்களே, ஒரு புஸ்தகத்துலயாச்சும் அந்தச் சனமெல்லாம் கடலே வேண்டாமுன்னு நம்மூருப் பக்கம் வந்து குடியிருந்தாங்கன்னு போட்டிருக்குதுங்களா?”

மச்சான் அலமாரியைப் பார்த்தார்.

“கலை படிச்சுக் காட்டுனா. நீங்க தாண்டிப் போறீங்களே, அந்தப் பக்கமெல்லாம். ஊடு போச்சு, வலை போச்சு, ஆடு மாடு போச்சு, பெத்த புள்ள கூடப் போச்சு. காத்து நின்னதும் அதே எடத்துல வந்து நாலு கம்பு நட்டு, சேலையைக் கட்டி அடுப்புப் பத்த வெக்கறாங்க. அப்பிடி அந்தக் கடல்ல என்னதான் இருக்குதுன்னு நான் ஒருக்காப் பாக்கோணுமுங்க. வேண்டுதலுக்கு வேண்டுதலும் ஆச்சு. சாமிக்குக் கடன் வெச்சுட்டு எனக்கு நெஞ்சு அடிச்சுக்குது. எங்க மறுபடி உங்களுக்கு ஒண்ணு ஆயிருமோன்னு உங்க நெத்தியத் தொட்டுத் தொட்டுப் பாத்துட்டுக் கெடக்கறேன். நீங்க வராட்டிப் போங்க. நான் குகன்கூடப் போறேன். நான் ஒருத்தியாச்சும் முழுகிட்டு வர்றேன்.”

“நீயா? கடல்லயா? தனியாவா?” என்று எழுந்துவிட்டார் மச்சான்.

“ஆமாங்க.”

“உன்னையத் தனியாக் கடல்ல எறக்கி உட்டுட்டு நான் இங்க ஊசி மாத்திட்டு இருக்கட்டுமா?” என்று கத்தினார். அந்த ஆளுக்குத் தன் உயிரைப் பற்றித்தான் பயம் என்று அதுவரைக்கும் நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை என்று அவர் நின்ற நிலையைப் பார்த்ததும் தெரிந்துபோயிற்று. “மாப்ளே, வண்டியை எடு” என்றார். மறுநாள் விடிந்ததும்தான் எடுத்தேன். சித்திரை மாசம், கொளுத்துகிற வெயில், முன்சீட்டில் தாடி, மடியில் புயல் பை.

திருச்செந்தூரில் வண்டியை நிறுத்திவிட்டுக் கோயில் பக்கம் நடந்தோம். கட்டடங்கள் விலகிக் கடல் தெரிந்ததும் அக்கா நின்றுவிட்டாள்.

“ஏனுங்க, இதுக்கு அக்கட்டால ஒண்ணுமே இல்லீங்களா?” என்று மெதுவாகக் கேட்டாள்.

“இருக்குது. இலங்கை இருக்குது” என்றார் மச்சான், கண்ணைத் திறக்காமல்.

கடல் அன்றைக்கு எங்கள் ஊர்க் குளம் மாதிரிக் கிடந்தது. குழந்தைகள் எல்லாம் ஓடிப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தன. முடி எடுக்கிறவர் மச்சானின் தாடியைப் பார்த்துவிட்டு, “இது எந்த மடத்துச் சாமி?” என்று என்னிடம் கேட்டார். நான், “நிட்டிங் மடம்” என்றேன். தலையும் முகமும் வழித்து, சந்தனம் தடவி, மச்சான் எழுந்து திரும்பியபோது எனக்கே அடையாளம் தெரியவில்லை. இவ்வளவு சின்ன முகமா இந்த மனுசனுக்கு என்று தோன்றியது. அக்கா அவரை மேலும் கீழும் பார்த்தாள். சிரிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

“இந்த மூஞ்சியத்தானுங்க நான் சாமிகிட்டக் கேட்டேன்” என்றாள்.

மச்சான் பஞ்சுத் தூசி என்றெல்லாம் சொல்லவில்லை. அவரும் அழுதார். இரண்டு பேரும் அழுதார்கள், முடி எடுக்கிறவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அழுது முடித்ததும் அவர் புயல் பையைத் திறந்து ஒரு கட்டுக் கயிற்றை எடுத்தார். சாட்சாத் பனியன் கயிறுதான். ஒரு முனையைத் தன் இடுப்பில் கட்டி, மறுமுனையை அக்காவின் இடுப்பில் கட்டினார். சுற்றி நின்ற சனம் இது கொங்கு நாட்டுச் சடங்கு போலிருக்கிறது என்று பயபக்தியோடு பார்த்தது. “நான் கரையில காலை ஊனி நிக்கறேன். நீ முழுகி எந்திரிச்சதும் இழுத்துருவேன். அப்பறம் நான் வந்து ஒரு முழுக்குப் போட்டுக்கறேன்” என்று திட்டம் சொன்னார்.

அக்கா இறங்கினாள். முழங்கால், இடுப்பு என்று போய்க்கொண்டே இருந்தாள். கயிறு முடிந்தது, அவள் நடை முடியவில்லை. பனியன் துணி இழுத்தால் நீளும் என்பது திருப்பூரில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். அந்தத் துணியை ஓட்டி ஓட்டியே தலை நரைத்தவருக்கு அந்த நேரத்தில் தெரியவில்லை. கயிறு மெலிந்துகொண்டே போனது. மச்சான், “மருதா, நில்லு, நில்லு” என்று கத்திவிட்டு விசில் ஊதினார். ஒரு அலை திரும்பிப் போகும்போது அக்காவை உள்ளே ஒரு இழுப்பு இழுத்தது. அதுவரை நீண்ட கயிறு அப்போதுதான் சுருங்க வேண்டும் என்று நினைத்தது. ஊன்றிய காலோடு, வாயில் விசிலோடு, எங்கள் மச்சான் கரையிலிருந்து கிளம்பிக் குப்புறப் போய்க் கடலில் விழுந்தார். நான் ஓடினேன். போய்ச் சேருவதற்குள் இரண்டு பேரும் இடுப்பளவுத் தண்ணீரில் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அக்கா அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. மச்சான் வாயிலிருந்த உப்புத் தண்ணீரைத் துப்பிவிட்டு, “இவ்வளவுதானா?” என்றார். அப்புறம் வெளியே வரச் சொன்னால் இருவரும் வர மாட்டோம் என்றார்கள்.

தரிசனம் முடித்து வெளியே வந்து பதநீர் குடித்துக்கொண்டிருக்கும்போது சின்னத்தாயிடமிருந்து ஃபோன் வந்தது.

“எக்கா, எங்க இருக்கீய? இங்க ஒரே பேய்க் காத்து, ஆலங்கட்டி மழ. ஒங்க செட்டுத் தகரம் பூராம் பறந்துட்டு. கடக்கரையில பொறந்தவ நானு, இப்பிடிக் காத்து நான் பாத்ததே இல்ல. யாருக்கும் ஒண்ணுமில்ல, நீங்க பதறாம வாங்க” என்றாள்.

மச்சான் ஃபோனை வாங்கிக் காதில் வைத்தபடி முன்னால் கிடந்த கடலைப் பார்த்தார். கடல் ஒன்றும் தெரியாததுபோல் கிடந்தது.

ஊர் வந்து சேர்ந்தோம். சித்திரையில் எங்கள் பக்கம் கோடை மழைக்கு முன்னால் இப்படி ஒரு சூறைக்காற்று எப்போதாவது கிளம்பி வாழைத் தோட்டத்தைச் சாய்த்துவிட்டுப் போகும். அதைப் பற்றி யாரும் புத்தகம் எழுதாததால் மச்சானுக்கு அதன்மேல் மரியாதை இருந்ததில்லை. வாசலில் இவரைப் பார்த்த அக்கம்பக்கத்தார், மொட்டைத் தலை யாரென்று தெரியாமல், “பாவம், ஊட்டுக்காரரு திருச்செந்தூர் போயிருக்காருங்க” என்று இவரிடமே துக்கம் சொன்னார்கள். செட்டுக்கு மேலே வானம் தெரிந்தது. தூணில் சுற்றிய பனியன் கயிறு அறுபடாமல், நன்றாக நீண்டு, தோரணம் மாதிரித் தொங்கிக்கொண்டிருந்தது. செட்டு அலமாரியில் இருந்த புயல் புத்தகங்கள் எல்லாம் ஊறி இட்லி மாவாக உப்பியிருந்தன. தகரம் பக்கத்து மக்காச்சோளக் காட்டில் கிடந்தது. ஒரு தகடு மட்டும் செட்டுக்குள்ளேயே, கட்டிலுக்குப் பக்கத்தில், தரையில் முனை குத்தி நின்றது. மச்சான் முதலில் போய் அதைத்தான் தொட்டுப் பார்த்தார்.

கலைமகள் சோமனூரிலிருந்து ஓடிவந்திருந்தாள். “அப்பா, போதுமுங்க. ரெண்டு பேரும் கெளம்பி எங்க ஊட்டுக்கு வந்துருங்க. கான்கிரீட் ஊடு, மாடி ரூம் சும்மாதான் கெடக்குது” என்று கையைப் பிடித்தாள். மச்சான் அக்காவைத் தேடினார். அவள் அதற்குள் மூன்று செங்கல்லைக் கூட்டி, ஈரச் சுள்ளியை ஊதி ஊதி, கூரையில்லாத அந்தச் செட்டிலேயே எல்லோருக்கும் டீ போட்டுக்கொண்டிருந்தாள்.

“உங்கம்மா அடுப்பு வெச்சுட்டா கண்ணு. இனி எங்க போறது?” என்றார் மச்சான். என்னைக் கூட்டிக்கொண்டு மக்காச்சோளக் காட்டுக்குள் தகரம் பொறுக்கக் கிளம்பிவிட்டார்.

இரும்புக் கொக்கி போட்டு அதே இடத்தில் தகரத்தை மாட்டினோம். பனியன் கயிறு பக்கத்தில் வரக்கூடாது என்று நான் ஆணையிட்டேன். புத்தகங்களைத் துணி காயப்போடுகிற கொடியில் கிளிப் மாட்டித் தொங்கவிட்டுக் காயவைத்தார். நெளிந்தும் ஒட்டியும் ஒருவழியாகத் தேறின. கொஞ்ச நாள் கழித்து ஒரு சாயங்காலம் நான் போனபோது, அவர் கட்டிலில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தார், அக்கா வழக்கமான இடத்தில் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். காதைக் கொடுத்துக் கேட்டேன். காற்று இல்லை. வலை போன ஒரு கிழவர் தன் படகைத் தேடிக் கரையோரம் நடந்துகொண்டிருந்தார். மச்சானின் குரல் கம்மியது, நிறுத்தினார், மறுபடி விட்ட இடத்திலிருந்து படித்தார். ஒரு பக்கத்தையும் தாண்டவில்லை.

அப்போதுதான் அவர் முகத்தைக் கவனித்தேன். கன்னமெல்லாம் வெள்ளை முள்.

அக்கா டீ போட உள்ளே போனதும், “என்னங்க மச்சான், மறுபடி வேண்டிக்கிட்டாளா எங்கக்கா?” என்று கேட்டேன்.

“அவ இல்லடா” என்றார். அக்கா உட்கார்ந்திருந்த இடத்தைக் கையால் காட்டினார். சிமெண்டுத் தரையில் தகடு குத்தின வடு அப்படியே இருந்தது. “அன்னிக்கு நான் சொன்னபடி கேட்டு உங்கக்கா ஊட்டுலயே இருந்திருந்தா, அந்நேரம் அங்கதான் உக்காந்திருப்பா. இந்தத் தடவை நான் வேண்டிக்கிட்டேன். அவளை மறுக்கா அந்தக் கடல்ல கொண்டுபோய் நிறுத்தற வரைக்கும் கத்தி படாது.”

நான் விடாமல், “எந்த மாசமுங்க போறது? ஐப்பசின்னா புயல், ஆடின்னா பேரலை, தையின்னா ரொம்ப அமைதி…” என்று இழுத்தேன்.

“உன்ற வண்டி எந்த மாசம் சும்மா நிக்குதோ அந்த மாசம்” என்றார் மச்சான்.